எங்க கணக்குல இருக்கட்டும்

"ஏய் அலிஃபு, உனக்கு அந்தக் கடைசியில என்ன வேலை? வலப்பக்கம் வந்து நில்லுடா!" என்று தஹ்சீன் திரையில் தெரியும் அரபு எழுத்துகளைத் திட்டிக்கொண்டிருக்கிறான். அரபு வலமிருந்து இடம் போகும். நார்வே மொழி இடமிருந்து வலம் வரும். இரண்டையும் புத்தகத்தில் ஒட்டும் ஒரே சீட்டில் அச்சடித்தால் புத்தகத்தின் பெயர் கலைந்துபோகும். திட்டித் திட்டித்தான் அவன் சரிசெய்வான். அம்மான் நகரில், லுவைப்தே மேட்டில், எங்கள் இருவருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேசை. நான் மொழிபெயர்ப்பாளன். அவனுடைய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவதும் என் தலையெழுத்து.

நூலகங்களுக்கான மென்பொருள் ஒன்றை எழுதி உலகத்துக்கே திறந்துவிட்டிருக்கிறான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். புதிதாக ஒரு வசதி வேண்டுமென்று கேட்பவர்கள் மட்டும் அந்த உழைப்புக்குப் பணம் தருவார்கள். பிழைப்பே அதுதான். ஆனால் விலை சொல்ல வேண்டிய நேரத்தில் இந்த ஆளுக்குக் காது சிவந்துவிடும். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வானிலை பேசுவான்.

இந்த வசந்தத்தில் யாருமே எதுவும் கேட்கவில்லை. ரியாதில் ஒரு வங்கி அவனை வேலைக்குக் கூப்பிட்டது. வியாழனுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவன் அங்கே, மனைவி ரிஹாபும் இரண்டு பெண்களும் இங்கே. அந்த வாரம்தான் நார்வேயிலிருந்து டோருன் என்ற நூலகர் எழுதினார். ஊருக்கு வந்திருக்கும் சிரியப் பிள்ளைகளுக்காக அரபுப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறார்களாம். பெயர்ச்சீட்டில் இரண்டு மொழியும் ஒழுங்காக வர வேண்டும், எவ்வளவு ஆகும்? மூன்று மாத வேலை. ரியாதுக்குப் போகவே வேண்டாம்!

என்னிடம் காட்டாமலே பதில் போட்டுவிட்டான்: "எங்கள் கணக்கில் இருக்கட்டும்." அடப்பாவி! காசு வேண்டாமென்று இங்கே டாக்ஸிக்காரர்கூட மரியாதைக்கு அப்படித்தான் சொல்வார். நாம் பணத்தை அவர் கையில் திணிப்போம். டோருனுக்கு அது எப்படித் தெரியும்? 'எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! மிக்க நன்றி' என்று எழுதிவிட்டார்.

சேதி கேட்டு ரிஹாப் நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். "பெரிய மனசாம்! அதை ரொட்டிக்குள்ள சுருட்டிப் பிள்ளைங்களுக்குக் குடுக்கட்டா, மனுஷா?"

"கேட்ட உடனே விலை சொன்னா நல்லாவா இருக்கும்? அவங்க இலவசமா வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

"சொல்லணும்னு அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எழுதுறியா, நான் எழுதட்டுமா?" என்றேன். அவனே எழுதினான். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் கேட்பவர் மூன்று முறை மறுக்க வேண்டும், நீங்கள் முதல் முறையே ஒப்புக்கொண்டீர்கள், முன்பே சொல்லாதது என் தப்பு என்று. அதில் நான் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. அன்று செவ்வாய்.

புதன் காலை பதில் வந்தது. "ஒன்று: ஐயையோ, வேண்டவே வேண்டாம். இரண்டு: பணம் வாங்காவிட்டால் எனக்குக் கோபம் வரும். மூன்று: தொகையைச் சொல்லும்வரை விடமாட்டேன். சரியாக மறுத்தேனா?"

அப்பாடா! எனக்கே கண் கலங்கிவிட்டது. ரிஹாப் சிரித்துக்கொண்டே என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வங்கிக்கு 'வரவில்லை' என்று ஒரு வரி போனது. பிறகு தஹ்சீன், காது சிவக்க, மூன்று மாதத்துக்கான முழுத் தொகையையும் ஒரு தினார் குறைக்காமல் டோருனுக்கு எழுதி அனுப்பினான். அனுப்பிவிட்டு, திரையைப் பார்த்தபடி வலக்கையை நெஞ்சில் வைத்து, யாரோ எதிரில் நிற்பதுபோல் மெல்லத் தலை குனிந்தான்.