ஆரோக்கியம் அக்கா கொண்டுவந்த தணல்

போன செவ்வாய்க்கிழமை லோபாக்கிலிருந்து ரோஸி தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க சித்தப்பா. நாளைக்குக் கோயில்ல பூசை. கண்டிப்பா வந்துருங்க லா." சரிம்மா என்றேன். அவள் அப்பாவுக்குப் பதிலாக உயிரோடிருக்கிறவன் நான். என்னைச் சித்தப்பா என்று அழைக்க அவளைப் பழக்கியவர் அவள் அம்மா ஆரோக்கியம் அக்காதான்.

சுவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அக்காவோடு பால்வெட்டிய உங்களுக்கு இதில் பாதி தெரியும். மீதியை இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜப்பான்காரன் காலம். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று முதல்நாளே காதில் விழுந்தது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் போகவில்லை. புகைக்கூடத்தில், தொங்கிய ரப்பர் ஷீட்டுகளுக்குப் பின்னால் எலிபோல் ஒளிந்துகொண்டேன். எங்கள் லயத்தில் ஓர் ஆள் குறைந்தது. சிப்பாய் விரலை நீட்டினான். விரலுக்கு நேரே நின்றவர் அந்தோணி அண்ணன், அக்காவின் புருஷன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூட விடவில்லையாம்.

அந்தக் கலவரத்தில் எங்கள் அடுப்பு அணைந்துவிட்டது. தீப்பெட்டி கண்ணில் படாத காலம். அடுப்பு அணைந்தவர்கள் கொட்டாங்கச்சியில் சாம்பலைப் பரப்பி, பக்கத்து வீட்டில் தணல் வாங்கி வருவோம். என் மனைவி வள்ளி போன வீடுகளிலெல்லாம் "அணைஞ்சு போச்சு" என்றார்கள். அவர்கள் கூரைமேல் புகை போய்க்கொண்டுதான் இருந்தது. மரவள்ளிக்கிழங்கு வேகாமல் கிடக்க, பிள்ளைகள் இரண்டு நாள் தேங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அக்கா தணலோடு வந்தார். எதிர்வீட்டுக்காரி கத்தினாள்: "ஏண்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவனாலதானே ஒம் புருஷன் போனான்!"

"ஆமா, அவனாலதான். அதுக்குப் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வெட்கத்தில் நான் அதைத் தொடவில்லை, வள்ளியையும் தொடவிடவில்லை. தணல் சாம்பலாகிப் போனது. என்ன ரோஷமோ!

மறுநாளும் வந்தார். இந்தமுறை நேரே உள்ளே வந்து, குனிந்து, அவரே அடுப்பை ஊதினார். கண்ணில் நீர் வழிந்தது. புகைதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசை. நிமிராமலே சொன்னார்: "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத தம்பி. இன்னும் முடியல. ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். அவர் குடுக்கிறவரைக்கும் அடுப்பு காத்திருக்குமா?"

ஒரு வாரத்தில் எதிர்வீட்டுக்காரியே வள்ளியைக் கூப்பிட்டுத் தணல் கொடுத்தாள். புருஷனைப் பறிகொடுத்தவளே கொடுக்கும்போது மற்றவர்கள் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

ஜப்பான்காரன் சண்டை முடிந்து, பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு சயாமிலிருந்து லாரிகள் வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் அக்கா ரோஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்து முனையில் நின்றார். நான் தள்ளியே நின்றேன். கடைசியில் வந்த ஒருவர், அண்ணன் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் வாசலில் அக்கா. கையில் கொட்டாங்கச்சி.

போன கிறிஸ்துமஸுக்குப் பலகாரத்தோடு வந்திருந்தார். இத்தனை வருஷம் கேட்காததை அன்றுதான் கேட்டேன்: "அந்த மன்னிப்ப ஆண்டவர் குடுத்தாராக்கா?"

"சில நாள் குடுக்கிறார் தம்பி. சில நாள் இல்ல. ரெண்டு நாளும் பொழுது விடியுதே, என்ன பண்றது?" என்று முறுக்கை என் பக்கம் தள்ளினார்.

அக்கா விட்டுப்போனதில் எனக்கென்று மிஞ்சியது ஒரு கேள்விதான். போன செவ்வாய்க்கிழமை, ஆண்டவர் கொடுத்த நாளா, கொடுக்காத நாளா? பூசை முடிந்து ரோஸி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அதை அவளிடம் நான் கேட்கவில்லை.