விசில் நின்றுபோன வண்டி

அந்த வட்டாரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் அவரை ‘ரெண்டு நிமிஷம்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் பாதிப் பேருக்குக் கிடையாது. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் உண்டு. எங்கே போய் நின்றாலும் அவர் உடனே இன்ஜினை அணைக்க மாட்டார். சவாரிக்காரர் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, தெருமுனை திரும்பிய பிறகும் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். இவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால், “ஓடி வந்தவனை உடனே படுக்கச் சொல்லுவியா?” என்பார். அது டர்போ வண்டி. இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் சின்னச் சக்கரம் ஒன்று அதில் கண்மண் தெரியாமல் சுற்றுகிறது. அதன் சூடு தணியுமுன் ஆயில் ஓட்டத்தை நிறுத்தினால் உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகிவிடும். இதை அவர் கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

வண்டிக்குப் பதினேழு வயது. கம்பெனிப் புத்தகம் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறது. இவருக்கு ஏழாயிரம்தான் கணக்கு. “புத்தகம் எழுதினவன் புது வண்டியைப் பார்த்து எழுதினான். இதை அவன் பார்க்கலையே.” மாற்றிய தேதியைக் காகித டேப்பில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டி வைப்பார். திறந்தால் உடம்பெல்லாம் பிளாஸ்திரி போட்ட ஆள் படுத்திருப்பது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கி வெடிப்புத் தேடுவார், கிளிப்புகளை முடுக்குவார், ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இவரு நெத்தியில கை வச்சுப் பாக்கல” என்பாள் மனைவி. எப்போதும் அவளுக்கு மெல்லிய குரல்தான், பாதிப் பேச்சு அடுப்போடு போய்விடும்.

இத்தனைக்கும் மேலே அவர் நம்பியது தன் காதைத்தான். மேடு ஏறும்போது டர்போ மெல்லிசாக ஒரு விசில் அடிக்கும். அது கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சுருதி கொஞ்சம் பிசகினாலும் வண்டியை நேரே மச்சினனின் பட்டறைக்கு விட்டுவிடுவார். மனைவியின் தம்பி. பதினேழு வருடமாக அந்த வண்டியின் மேல் வேறொருவன் ஸ்பேனர் பட்டதில்லை.

நான்கு மாதம் முன்பு டர்போவில் ஆயில் கசிந்தது. மச்சினன் அதைக் கழற்றி, பழுது பார்த்து மாட்டிக் கொடுத்தான். வண்டி நன்றாகத்தான் இழுத்தது. ஆனால் விசில் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தார், இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு பட்டறைக்குப் போய் அரைத்த மாவையே அரைக்க ஆரம்பித்தார். மச்சினன் குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டினான். பிரஷர் மீட்டரைப் பொருத்தி முள்ளைக் காட்டினான். பக்கத்தில் இவரையும் பின் சீட்டில் அக்காவையும் உட்காரவைத்து மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தான். “பாரு, ஒரு சத்தம் இருக்கா?” என்றார் இவர். மச்சினன் சாலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

குற்றமுள்ளவன்தான் சும்மா இருப்பான் என்பது இவருடைய தீர்ப்பு. மறுநாள் பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் வாயில் வந்ததைக் கொட்டினார்.

“என் டர்போவை எவனுக்கோ மாட்டிட்டு எனக்குக் குப்பையைக் கட்டிட்ட. சொந்த அக்கா புருஷன்கிட்டயே கைவரிசையைக் காட்டுற, அப்படித்தானே?”

“சரி மாமா” என்றான் மச்சினன். அவ்வளவுதான் சொன்னான். இரண்டு குடும்பத்துக்கும் அன்றோடு போக்குவரத்து நின்றது.

வினை அதற்குப் பிறகுதான். வீட்டில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வழக்கமாகத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவள், இப்போது வைத்ததும் சமையலறைக்குள் போய்விடுகிறாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள். “டாக்டர்கிட்ட போனியே, என்ன சொன்னாரு?” என்றாலும் பதில் இல்லை. தம்பியைச் சொன்னதற்கு இந்தத் தண்டனையா என்று அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் ஒரு வாரத்தில் தீர்ந்து, மீதி நாளெல்லாம் பயம்தான். முப்பத்தோரு வருடம் வாழ்ந்தவள் ஒரு பழைய இரும்புத் துண்டுக்காகத் தன்னை வெறுத்துவிட்டாளோ என்ற நினைப்பு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதெல்லாம் வந்தது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் திருடனிடம் எப்படிக் கேட்பது?

முழங்கால் சிகிச்சைக்காக வாரம் இரண்டு தடவை ஒரு ஓய்வுபெற்ற டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் சவாரி புதிதாக வந்தது. மூன்றாவது தடவை, மேம்பாலம் ஏறி இறங்கியதும் டீச்சர் முன்னால் சாய்ந்தார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பாலம் ஏறும்போதெல்லாம் விசில் மாதிரி ஒண்ணு கேக்குதே, உள்ள ஏதாவது குருவி மாட்டிக்கிச்சா?”

அவர் கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தார். “எப்ப கேட்டுது டீச்சர்?”

“இப்பக்கூட கேட்டுதே.”

அவர் வண்டியைத் திருப்பினார். சுற்றிக்கொண்டு போய் மறுபடி பாலம் ஏறி, ஆக்ஸிலரேட்டரை அமுக்கி, “இப்ப?” என்றார். நன்றாகக் கேட்கிறது என்றார் டீச்சர். மூன்றாவது முறையும் ஏறினார்கள். அவருக்கு இன்ஜின் உறுமல் கேட்டது, டயர் சத்தம் கேட்டது, தன் மூச்சுகூடக் கேட்டது. விசில் மட்டும் இல்லை.

“கேக்குதுங்க. எனக்கு நேரமாச்சு” என்றார் டீச்சர். “அப்படியே அந்த இண்டிகேட்டரையும் நிறுத்துங்க. அப்பவே புடிச்சு டிக் டிக்குனு அடிச்சுக்கிட்டே இருக்கு.”

இரண்டு மாதமாகச் சாலையில் போகிறவர்களெல்லாம் இண்டிகேட்டர், இண்டிகேட்டர் என்று கை காட்டிப் போவதும், அவர்களை இவர் திட்டியதும் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன. அடுத்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். காது போன டிரைவருக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? டீச்சரை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனார்.

மச்சினன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். இவர் காலைப் பார்த்ததும் மெதுவாக வெளியே வந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

“டர்போ நல்லாத்தான் இருக்கு, இல்ல?”

“நல்லாத்தான் இருக்கு மாமா.”

“அன்னைக்குப் பாலத்துல விசில் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப ஏன்டா சொல்லல? அத்தனை பேர் முன்னாடி திருடன்னு சொன்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

மச்சினன் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். “அன்னைக்குப் பின் சீட்டுலேருந்தே அக்கா என் தோளை அமுக்கிட்டாங்க. ராத்திரி, சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டாங்க. திருடன்னு பேரு வந்தாலும் உனக்கு ரெண்டு நாள்ல போயிடும்டா, காது கேக்கலைன்னு தெரிஞ்சா அவரு சாவியைத் தூக்கிப் போட்டுட்டு மூலையில உட்கார்ந்துருவாருன்னாங்க. எனக்கும் வேற வழி தெரியல. சரின்னுட்டேன்.”

மச்சினனுடைய பிள்ளைகளை இத்தனை நாள் தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அவனுடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காதுக்கு மெஷின் இருக்கு மாமா. மாட்டிக்கிட்டு ஓட்டுறவங்க இருக்காங்க. நாளைக்கு நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்றான் மச்சினன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். அவள் சமையலறையில் முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போய்க் குழாயை மூடினார். அவள் திரும்பினாள்.

“தம்பியைப் பார்த்துட்டு வரேன். எல்லாத்தையும் சொல்லிட்டான்.” அவர் குழாயிலிருந்து கையை எடுத்தார். “எனக்குக் காது கேக்கலம்மா. அதுக்காக நாப்பது நாளா ஒரு வார்த்தை பேசாம இருந்தியே, அதை என்னால தாங்க முடியல.”

அவள் ஈரக் கையோடு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய வாய் அசைந்தது. அவர் தலையை ஆட்டிக் காதைத் தொட்டுக் காட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவள் குரலை உயர்த்தினாள். “கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேங்க. சத்தமா சொன்னா ஏன் கத்துறன்னு கேப்பீங்க, உங்களுக்குத் தெரிஞ்சு போயிடும். அதான் மெதுவாவே சொல்லிட்டு, வாய் அசையறது தெரியக் கூடாதுன்னு திரும்பி நின்னுக்குவேன்.”