எண்பத்துநான்கு மீன்

முகத்துவாரக்குப்பத்துக் கெங்கம்மாவிடம் மீன் வாங்கி யாரும் கணக்கில் ஜெயித்ததில்லை. பேரம் முடிவதற்குள் மிச்சச் சில்லறை அவள் நாக்கு நுனியில் நிற்கும். அப்பேர்ப்பட்டவள் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கை மட்டும் கோட்டைவிட்டாள். மற்ற பாடமெல்லாம், முப்பத்தெட்டு வயதில், எப்படியோ தேறிவிட்டது.

தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை இருக்கிறது. அதற்குப் பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டுமாம். குழந்தைக்கு மூக்குச் சிந்த எதற்கு முக்கோணம் என்று யாரும் கேட்கக் கூடாது. அவளுக்கு அந்த வேலை வேண்டும். புருஷன் வேலப்பன் போன ஆடியில் படகிலிருந்து அலையில் விழுந்தான்; உடல் கரை ஒதுங்கவில்லை. அப்படி ஒருவன் திரும்பாமல் போனால், பிடித்த மீனைப் பாடு பிரிக்கும்போது முதலில் அவன் பங்கை அவன் வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். குப்பத்து வழக்கம் அது, ஒரு வருஷத்துக்கு. அந்த வருஷம் முடியப்போகிறது.

பொட்டை அழி என்ற நாத்தனாரிடம், உடம்பைக் காட்டு, அழிக்கிறேன் என்றாள். அவள் அழவும் இல்லை. அழுதால் அவன் செத்ததாகிவிடும் என்று பிடிவாதம். கல்நெஞ்சக்காரி என்று ஊர் வாய் சொன்னது. ஊர் வாயை எந்த உலைமூடி மூடும்?

மீன் விற்று வந்த மத்தியானங்களில் காலேஜில் படிக்கும் மகள் மகிழினி, மறுபரீட்சைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் உட்காருவாள். முக்கோணம் கெங்கம்மாவுக்குச் சுலபமாகவே வந்தது. மூன்று மூலை, சேர்த்தால் நூற்றியெண்பது, தகராறே இல்லை. தகராறு எல்லாம் எக்ஸ் வரும் கணக்கில்தான். எண்பத்துநான்கு மீனை மூன்று பேர் பிரிக்கிறார்கள். இரண்டாமவனுக்கு முதலாமவனைப் போல இரண்டு மடங்கு, மூன்றாமவனுக்கு மூன்று மடங்கு. முதலாமவனுக்கு எத்தனை? கெங்கம்மா பன்னிரண்டு என்று எழுதினாள். மீதி வராமல் வகுபட்டதில் அவளுக்குப் பெருமை வேறு.

மகிழினி கூட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு, இருபத்துநான்கு, முப்பத்தாறு. எழுபத்திரண்டுதான் வந்தது. ஆறு எக்ஸ் வர வேண்டிய இடத்தில் அம்மா ஏழு எக்ஸ் போட்டிருந்தாள். பழைய தாள்களைப் புரட்டினால், பிரிக்கிற கணக்கு எல்லாவற்றிலும் இதே கூத்து.

"இன்னாமா, பன்னெண்டு மீன் எங்க போச்சி?"

"வராதவனோட பங்குடி. அத்த எடுத்து வெச்சிட்டுத்தானே பிரிக்கணும்?"

மகள் அந்த ஏழு எக்ஸின் மேல் விரலை வைத்தாள்.

"கணக்குல மூணு பேருதாம்மா கீறாங்க. நைனா இல்ல."

கெங்கம்மாவுக்கு எரிச்சல் வந்தது. தாளைத் தள்ளிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். அன்று இரண்டு பேரும் முகம் பார்த்துச் சாப்பிடவில்லை.

மறுபரீட்சையில் மீனுக்குப் பதில் மாம்பழம் வந்தது. மூன்று அண்ணன் தம்பிகள், அதே பிரிவினை. கெங்கம்மாவின் கை பழக்கத்தில் நாலாவதாக ஓர் எக்ஸைப் போட்டுவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை விட்டால் வேலை போகும், அடித்தால் அவன் போவான். கடைசியில் பேனாவை அழுத்தி அடித்தாள். விடை சரியாக வந்தது.

வீட்டு வாசலிலேயே மகிழினி கேட்டாள், பிரிக்கிற கணக்கு வந்ததா என்று.

"கரெக்டா போட்டுட்டேன் கண்ணு. ஒங்க நைனாவுக்கு ஒண்ணும் எடுத்து வெக்கல."

சொல்லி வாய் மூடவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். கணக்கு மறுபடியும் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த தபா பாத்துக்கலாம் என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.