மாதா ஏறிய ஜீப்

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பெர்னார்ட் டிரைவரைத் தெரியாதவர் கிடையாது. ஊர்க்கதை எல்லாம் பேசுவார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. வண்டி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். மனைவி அகத்தா சொல்வதை அதில் பாதியாவது கேட்கலாமே என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள்.

1978-இல் அகத்தாவின் கண்கள் இரண்டிலும் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அவளுக்கோ கத்தி என்றாலே நடுக்கம். "திருநாளன்னிக்கு மாதா பின்னாடி நடந்து மலையேறுறேன். அவங்க மேல கோயிலுக்குப் போய்ச் சேந்துட்டா நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்லா" என்று சொல்லிவிட்டாள். போய்ச் சேராவிட்டால் என்ன என்று பெர்னார்ட் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

தோட்டத்தில் மாதாவுக்குத் தேர் என்பது பெர்னார்ட் ஓட்டும் மானேஜரின் ஜீப்தான். பின்பக்கத் தட்டில் மாதா சொரூபத்தை முன்னே பார்க்க நிறுத்தி, காகிதப்பூ கட்டி, குன்றின் மேலிருக்கும் சின்னக் கோயிலுக்கு ஓட்டிப் போவார்கள். ஆண்கள் ஜீப்புக்கு முன்னால், பெண்கள் பின்னால். அதுதான் வழக்கம். ஆகவே அந்தப் பெண்கள் வழி நெடுக வருடா வருடம் பார்த்ததெல்லாம் மாதாவின் நீல முக்காட்டை மட்டுமே.

அது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப். அந்த வருடம் முந்தின நாள் மழை பெய்து செம்மண் பாதை வழுக்கியது. பாதி ஏற்றத்தில் வண்டிக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமியது, ஜீப் நகரவில்லை. பையன்கள் ஓடிவந்து பின் சக்கரங்களுக்கு அடியில் கல்லையும் சாக்கையும் திணித்துத் தள்ளினார்கள். சேறுதான் காரணம் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாதாவுக்கு ஏதோ மனக்குறை என்று யாரோ முணுமுணுத்ததைக் கேட்டு அகத்தாவின் முகம் செத்துப்போனது.

பெர்னார்ட் இறங்கிப் பார்த்தார். முன் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்திருந்தன. பின் சக்கரங்கள் சுற்றிய சுவடே இல்லை. சேறு என்றால் நாலும் அல்லவா வழுக்க வேண்டும்? முன் சக்கரங்களுக்குப் போகும் இழுவையைத் துண்டித்துவிட்டு, கோயில் பெரியவர் கிளாரன்ஸை ஏற்றிக் கியரைப் போடச் சொன்னார். வெள்ளைச் சட்டையோடு பக்கவாட்டில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் போகும் நீளத் தண்டு சுற்றியது. சக்கரம் அசையவில்லை. அப்படியானால் அச்சுக்குள் இருக்கும் கம்பி முறிந்துவிட்டது. இன்ஜினின் பலம் வாசல் வரை வருகிறது, வீட்டுக்குள் நுழையவில்லை. மிச்சம் இருப்பது முன் சக்கரங்கள்தான். ஏற்றத்திலோ பாரம் பின்னால் சாய்வதால் அவை மண்ணைப் பிடிப்பதில்லை. பாரத்தை அந்தப் பக்கம் சாய்க்க ஒரே வழிதான் உண்டு.

கீழே இறக்கி, வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றப்போவதாகச் சொன்னார். மாதாவைப் பின்புறமாகவா கோயிலுக்குக் கொண்டுபோவது என்று கிளாரன்ஸ் குதித்தார்.

"அண்ணே, முன்னப் பாத்துப் போனா இங்கயேதான் நிப்பாங்க. பின்னால போனாத்தான் வீடு போய்ச் சேருவாங்க" என்றார் பெர்னார்ட்.

கிளாரன்ஸ் பாதையை விட்டு ஒதுங்கினார். முன் சக்கர இழுவையை மறுபடி இணைத்து, பிரேக்கை மிதித்து மிதித்து ஜீப்பை அடிவாரத்துக்கு இறக்கித் திருப்பினார் பெர்னார்ட். மூக்கைப் பள்ளத்துப் பக்கம் நீட்டியபடி அது ஏறத் தொடங்கியது. பாரம் அழுந்த அழுந்த முன் டயர்கள் மண்ணைக் கவ்வின.

திடீரென்று பெண்களின் பாட்டு நின்றது. கழுத்தைத் திருப்பிப் பாதையையே பார்த்திருந்த பெர்னார்ட் என்னவோ ஏதோ என்று முன்னால் பார்த்தார். பெண்கள் எல்லாரும் அண்ணாந்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வருகிறவர்களை மாதா முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் அந்த முகத்தில் விழுந்திருந்தது. பொம்பளைகளை இத்தனை வருடம் முக்காட்டின் பின்னால் நடக்க விட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பானட்டில் கை வைத்து, தடுமாறாமல் வந்துகொண்டிருந்தாள் அகத்தா.

கோயில் வாசலில் ஜீப் நின்றதும் அவள் சொன்னாள்: "மங்கலாத்தான் தெரியுது. ஆனா என்னத்தான் பாத்துக்கிட்டே வந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்லா."

அடுத்த வருடம் அச்சு சரியாகிவிட்டது. பெர்னார்ட் பழையபடி ஜீப்பை மலையைப் பார்க்க நிறுத்தினார். தடித்த கண்ணாடி போட்ட அகத்தா பெண்கள் கூட்டத்திலிருந்து விலகி, ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"திருப்புங்க" என்றாள்.

பெர்னார்ட் திருப்பினார்.