பத்து மில்லிமீட்டர்

ஷெர்லி அதிகம் பேசமாட்டாள். மலையூரான ரிங்லெட்டில் காய்கறித் தோட்டங்களுக்குப் பிளாஸ்டிக் கூரை போட்டுத் தரும் கடை ஒன்றில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது அவள் வேலை. எத்தனை தூண், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முதலாளி கேட்டால், திரையைத் திருப்பிக் காட்டுவாள். அவ்வளவுதான். அவள் கணவன் எட்ரியன் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். அவளுக்கும் சேர்த்து அவன் பேசிவிடுவான்.

கல்யாணமான இரண்டாம் வருடம் எட்ரியனுக்கு நீராவி எஞ்சின் பைத்தியம் பிடித்தது. மேசைமேல் நிற்கிற அளவுக்குச் சின்னதுதான். ஆனால் நிஜமாகவே தண்ணீர் கொதித்து நிஜமாகவே சக்கரம் சுற்ற வேண்டும். அவனுக்குச் செய்யத் தெரியும், வரையத் தெரியாது. அதனால் பாய்லரை ஷெர்லி வரைந்தாள். ஒரு செம்பு உருளை, மேலும் கீழும் தட்டையான செம்புத் தகடு, நடுவில் தீ ஏறிப்போகப் பத்தொன்பது குழாய்கள். பத்து மில்லிமீட்டர் குழாய்க்குப் பத்து மில்லிமீட்டர் துளை. திரையில் பாய்லரை நெடுக்கே வெட்டிப் பார்த்தபோது, ஒன்றுக்குள் ஒன்று இம்மி இடமில்லாமல் பொருந்தி நின்றது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்ரியன் தேய்ந்துபோன கை டிரில்லால் துளை போட்டான். எல்லாம் கொஞ்சம் கோணல், கொஞ்சம் லொடலொட. குழாய்களைச் செருகி, வெள்ளி கலந்த பற்றுக்கம்பியை உருக்கி ஒட்டினான். மாதா கோயில் திருவிழாவில் அந்த எஞ்சின் ஒரு மாலை முழுவதும் ஓடியது.

அதன் பிறகு ஷெர்லி அந்த வரைபடத்தை, இப்படி எஞ்சின் செய்கிறவர்கள் கூடும் ஓர் இணையப் பக்கத்தில் போட்டாள். 'செய்து ஓட்டிப் பார்த்தது' என்று கீழே ஒரு வரியும் எழுதினாள். எத்தனை பேர் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் தெரியும். நாற்பத்தொன்று ஆன அன்று, யாரிடமும் சொல்லாமல் இரண்டு முறை திறந்து பார்த்தாள்.

அந்த நாற்பத்தொரு பேரில் அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். ஈப்போவில் இருக்கும் ராதாகிருஷ்ணன், லேத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகம் கேட்டு ஒருமுறை எழுதியிருந்தார். பதிலில் ஷெர்லி எட்ரியனின் கோணல் துளைகளைப் பற்றியும் எழுதி, போன் நம்பரும் கொடுத்திருந்தாள். புதன்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார்.

"ஷெர்லிம்மா, முடிச்சிட்டேன். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு நெருப்பு வைக்கிறேன். பேரப் பிள்ளைங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் வருது."

"சந்தோஷம் அங்கிள்."

"உன் வீட்டுக்காரன் மாதிரி கண்ண மூடிக்கிட்டு ஓட்டை போடல. நாப்பது வருஷம் லேத்து பிடிச்ச கை லா இது. நீ பத்துன்னு போட்டிருக்கே, பத்துதான். குழாயத் தட்டித் தட்டித்தான் உள்ள இறக்கினேன்."

"தண்ணி டெஸ்ட் பண்ணிட்டீங்களா அங்கிள்?"

"பண்ணாமலா? அறுபதுக்கு ஏத்தினேன். சொட்டு இல்ல."

பாய்லர் ஓடப்போவது அறுபது அழுத்தத்தில். நெருப்பு வைப்பதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கை பம்பால் அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீரில் ஒட்டு விட்டுப்போனால் தரை நனையும். நீராவியில் விட்டுப்போனால் ஆள் போய்விடும். நூற்றிருபது என்ற வார்த்தை ஷெர்லியின் நாக்கு நுனி வரை வந்தது. நாற்பது வருடம் லேத்து பிடித்தவரிடம் எப்படிச் சொல்வது?

"சரி அங்கிள்," என்றாள்.

எட்ரியனும் அந்த வாரம் இரண்டாவது பாய்லர் ஒன்றை முடித்திருந்தான். இந்த முறை தொழிற்சாலையில் இருந்து ரீமர் இரவல் வாங்கி, துளைகளைப் பளபளவென்று சீவியிருந்தான். "இது உன் படம் மாதிரியே இருக்கும் பாரு. குறை சொல்ல முடியாது."

"நான் எப்போ குறை சொன்னேன்?"

"சொல்லமாட்டே. பார்ப்பே. அது அதவிட மோசம்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பின்கொட்டகையில் பம்பை மாட்டினார்கள். வெளியே பனி தேயிலைச் சரிவை மூடியிருந்தது. அழுத்தம் காட்டும் முள் அறுபதைத் தாண்டியது. எண்பது. நூறு. எட்ரியன் இன்னொரு தடவை அழுத்தினான்.

டக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. முள் படுத்துவிட்டது. மேல் தகடு உப்பி, குழாய்களைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது.

எட்ரியன் ரம்பத்தால் ஒரு குழாயோரத்தை அறுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளிப் பற்று மேலே மோதிரம்போல் மட்டும் நின்றது. உள்ளே குழாயும் துளையும் சேரும் இடத்தில் செம்பு புதுசுபோல் சிவப்பாக இருந்தது.

"உள்ள போகவே இல்ல. போக இடம் இல்ல லா," என்றான்.

ஷெர்லி அலமாரியில் இருந்த முதல் பாய்லரைப் பார்த்தாள். அதைக் காப்பாற்றியது அவன் தேய்ந்த டிரில்; லொடலொடத்த துளைகளில் பற்று உள்ளே இறங்க இடம் இருந்தது. அவள் வரைந்தபடி யார் ஒழுங்காகச் செய்கிறார்களோ, அவர்களுக்குத்தான் ஆபத்து. மணி ஒன்பது நாற்பது.

அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் போன் எடுக்காது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் எடுக்கும். ஈரத்தில் இரண்டு முறை வழுக்கி ஏறினாள். முதல் அழைப்பு அடித்து ஓய்ந்தது. இரண்டாவதும். மூன்றாவதை அவர் மனைவி குமுதா எடுத்தார்.

"பின்னால நிக்கிறாரும்மா. பிள்ளைங்க பொறுக்கல, ஒன்பதரைக்கே பத்த வெச்சிட்டாரு. நீயும் வந்திருக்கலாம்."

"ஆன்ட்டி, பிள்ளைங்கள வீட்டுக்குள்ள கூப்பிடுங்க. இப்பவே. போன அங்கிள்கிட்ட குடுங்க."

தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

"அம்பத்தஞ்சு வந்திருச்சு, அழகா நிக்குது," என்றார் ராதாகிருஷ்ணன். "என்ன விளையாட்டு இது?"

"படம் தப்பு அங்கிள். பற்று உள்ள இறங்க நான் இடம் விடல."

நாற்பது வருடக் கைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"இடமே விடலையா நீ?"

"இல்ல. கேஸ சிலிண்டர் தோங்குகிட்டயே மூடுங்க. பாய்லர் பக்கம் போகாதீங்க."

ஓடும் காலடிகள், ஒரு குழந்தையின் அழுகை, கதவு சாத்தும் சத்தம். பிறகு ஜன்னல் வழியே பார்த்து அவர் எண்களைச் சொல்லத் தொடங்கினார். ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பதில் வெகுநேரம் நின்றது. ஷெர்லி ஈரத் தொட்டிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து, "பூஜ்யம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "தகடு லேசா உப்பியிருக்கும்மா" என்றார்.

அங்கே நின்றபடியே அவள் போனில் அந்த இணையப் பக்கத்தைத் திறந்தாள். 'செய்து ஓட்டிப் பார்த்தது' இன்னும் அப்படியே இருந்தது. அதை அழித்து, செய்யாதீர்கள் என்று இரண்டு மொழியில் எழுதி, படத்தை எடுத்துவிட்டாள். ஏற்கெனவே கொண்டுபோனவர்கள் திரும்பி வந்து அதைப் படிக்கப் போவதில்லை. அவர்களுக்கு ஊரும் இல்லை, போன் நம்பரும் இல்லை.

ஓரத்தில் எண் நாற்பத்து மூன்று என்று காட்டியது. எங்கோ ஒருவர், தன் கைவேலையில் பெருமை உள்ளவர், பத்து மில்லிமீட்டர் துளைக்குள் பத்து மில்லிமீட்டர் குழாயைத் தட்டித் தட்டி இறக்கிக்கொண்டிருப்பார்.