நீண்ட ஆயுள் அட்டை

மதுக்கரையில் இட்லி மாவு அரைத்து விற்கும் கிருபாவதிக்கு எங்கள் சபையில் ஒரு கெட்ட பெயர் உண்டு. கேள்வி கேட்பவள். களவு, குடி என்றாலும் மன்னித்துவிடுவோம். கேள்விக்கு எங்களிடம் மன்னிப்புக் கிடையாது.

புத்தாண்டு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒருவர் பெட்டியில் கைவிட்டு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். அதில் வரும் வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. போன வருடம் கிருபாவதிக்கு வந்தது நீண்ட ஆயுள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். ஆடி மாதம் அவள் கணவன் ஜோஸ் பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனான். நாற்பத்தாறு வயது.

ஏன் என்று கேட்டாள். அவ்வளவுதான், விளக்கம் சொல்ல வீடு நிறைய ஆள். வசனம் பரலோக ஆயுளைச் சொன்னது என்றார் போதகர். பெண்கள் ஐக்கியத் தலைவி டெய்சி அக்கா, "விசுவாசத்துல எங்கியோ ஓட்டை இருந்திருக்குது கண்ணு" என்றார், கையோடு இரண்டு பாக்கெட் மாவையும் வாங்கிக்கொண்டு.

அப்புறமும் அவள் ஒரு ஞாயிறு தவறவில்லை. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பதில் வராத இடத்துக்கு எதற்கு வருகிறாய் என்று நானே கேட்டேன்.

"கேள்வி அவருகிட்டத்தானுங்க. வேற எங்க போய்க் கேக்கறதுங்க?"

இந்தப் புத்தாண்டுக்கு டெய்சி அக்கா முன்கூட்டியே ஆயுள் அட்டைகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டார். ஆண்டவரை வம்பில் மாட்டிவிடக் கூடாதல்லவா? கிருபாவதியின் முறை வந்தது. ஃபிரிட்ஜ் கதவிலிருந்து உரித்துப் பைபிளுக்குள் வைத்திருந்த பழைய அட்டையை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

"எனக்கு நிறைவேறலீங்க. இன்னொருத்தருக்காச்சும் நிறைவேறட்டுங்க."

அடுத்தது டெய்சி அக்கா. மேலாகக் கிடந்த அதே அட்டைதான் கையில் வந்தது. நீண்ட ஆயுள் கிடைத்தவர் முகமா அது? சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வேறொன்று எடுக்கலாமா என்று போதகரைக் கேட்டார். ஓட்டை எங்கே இருக்கிறதென்று சபைக்கே தெரிந்துபோனது.

கிருபாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கக்கா. உங்களுக்காக நான் ஜெபம் பண்றேனுங்க."

நல்ல குத்து என்று நான் சிரித்தேன். மறுநாள் காலை மாவு வாங்கப் போனபோது அவள் கிரைண்டர் முன் கண்மூடி நின்றிருந்தாள். டெய்சி அக்காவுக்கு நீண்ட ஆயுள் கேட்டாள், உருகித்தான் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கடைசியில், "ஏனுங்க ஆண்டவரே, எங்க ஊட்டுக்காரர ஏன் எடுத்தீங்க?" என்றாள். சற்றுநேரம் காத்து நின்றாள். பிறகு கிரைண்டரைப் போட்டாள்.