முன்கூட்டியே போட்ட கையெழுத்து

ஓசூரில் தக்காளி வாங்கப் போனால், கடைக்காரர் எனக்கு முன்னால் நிற்பவரிடம் தெலுங்கில் பேசுவார், பின்னால் நிற்பவரிடம் கன்னடத்தில் பேசுவார், என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிடுவார். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ! சங்கரன்கோவில் பக்கம் எங்களுக்கு ஒரே பேச்சுதான். ஆறு வருடம் இங்கே தனியாக அறையெடுத்துத் தங்கிக் கம்பெனிக்குப் போய்வந்தேன். போன ஜூனில்தான் மனைவியையும் மகள் பிரியாவையும் அழைத்து வந்து, அவளை மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன்.

பள்ளி டைரியில் தினமும் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கோ வாராவாரம் ஷிப்ட் மாறும். செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்தால் பிள்ளை தூங்கியிருப்பாள். கம்பெனியில் மெஷின் செக்லிஸ்ட்டை வேலை தொடங்கும்போதே மொத்தமாக டிக் அடித்து வைக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அதே கெட்டிக்காரத்தனத்தை டைரியிலும் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வரப்போகிற வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். முந்தைய பக்கங்களை நானும் புரட்டியதில்லை; நான் பார்த்துக்கொள்வதாக நினைத்து மனைவியும் டைரியைத் திறந்ததில்லை. பொறுப்பான அப்பா என்று என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். ஊர் விட்டு வந்தவர்களில் நான் மட்டுமா இப்படி?

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளின் படிப்பில் வீட்டார் எப்படிப் பங்கெடுப்பது என்று பெற்றோருக்குப் பயிலரங்கு வைத்தார்கள். ஊரில் என் அப்பா பள்ளிக்கூடம் வந்தது ஒரே தடவை, டி.சி. வாங்க. நானும் நழுவத்தான் பார்த்தேன். மனைவி முறைத்த முறைப்பில் போனேன். பக்கத்து உத்தனப்பள்ளிக்காரரான வகுப்பாசிரியை டைரியை என் முன்னால் விரித்தார்.

“ஏங்க சார், பாப்பா கிளாஸ்ல வாயே தெறக்க மாட்டேங்குதுன்னு மூணு வாரமா எழுதறேன். நேர்ல வாங்கன்னும் எழுதினேன். பாத்துட்டு சைன் மட்டும் போட்டு அனுப்பறீங்களே?”

“இல்ல டீச்சர், நான் முந்தியே போட்டுட்டேன்.”

“நான் எழுதறதுக்கு முந்தியேவா?”

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் திட்டவில்லை, சிரித்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. வீட்டில் ஓயாமல் வாயடிக்கிற பிரியா, ஜூனில் ஒருநாள் எங்கள் ஊர்ப் பேச்சில் “அங்கன வச்சிருக்கேன்லா டீச்சர்” என்றதற்கு வகுப்பே சிரித்ததாம். அன்றைக்கு மூடிய வாய். அவளுக்கு வாசிக்கவே தெரியாது என்று நினைத்து, எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு தனியாக உட்கார வைத்திருந்தார்கள். ஆறு மாதம் அப்படி இருந்திருக்கிறாள் என் மகள். எனக்குத் தெரியாது.

டீ குடித்தபின், பிள்ளைகளையும் வகுப்பறைக்குள் வரவைத்து, பெற்றோர் தங்கள் வீட்டுப் பேச்சில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்றார்கள். ஓர் அம்மா தெலுங்கில் சொன்னார், ஓர் அப்பா கன்னடத்தில் சொன்னார். கைதட்டல் கிடைத்தது. அடுத்து நான். பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சு. சொன்ன பேச்சே கேக்காது. அங்கன இங்கன ஓடிக்கிட்டே கெடக்கும்லா…”

ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி வகுப்பு முழுவதும் பரவியது. இந்தச் சிரிப்பைக் கம்பெனியில் ஆறு வருடமாகக் கேட்டுப் பழகியவன்தான் நான். மகள் முன்னால் கேட்டதும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். சட்டென்று பிரியா எழுந்தாள்.

“யாரும் சிரிக்காதீங்க! எங்கப்பா ஊர்ல அப்பிடித்தான் பேசுவாங்க. நம்மூர் மாதிரி பேச அவருக்கு வராது.”

அத்தனையும் அச்சு அசல் ஓசூர்ப் பேச்சு. ஆசிரியை ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டார். என் கண் நிறைந்துவிட்டது. மகள் பேசிவிட்டாள், அதுவும் எனக்காக. ஆனால் ஓசூரை ‘நம்மூர்’ என்றவள், சங்கரன்கோவிலை எனக்கு மட்டும் ஒதுக்கிவிட்டாள். கரும்பலகையின் ஓரத்தில் நான் நின்றேன். சிரித்த பிள்ளைகளின் நடுவில் நின்றபடி, கதையை மேலே சொல்லும்படி அவள் எனக்குக் கையசைத்தாள்.